நூறுக்குப் பின்னால் வந்த நான்கு

1

போன வெள்ளிக்கிழமை நான் வேலை பார்க்கும் யார்டில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் அங்கே சேர்ந்து எட்டு வருடம் முடிந்துவிட்டதாம். எனக்கே நினைவில்லை. அலுவலகத்தில் இருக்கும் பெண் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். கேக்கின் மேல் இளஞ்சிவப்பு க்ரீமில் "நன்றி ராமசாமி" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ராமசாமி என் அப்பா. பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். என் பெயர் சுமதி. நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகராது. வந்த புதிதில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து வங்கியிலும் மருத்துவமனையிலும் என் வேலைச் சட்டையின் மார்பிலும் நான் ராமசாமிதான். யார்டின் மறுகோடியிலிருந்து யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினால், அப்பா எங்கே இங்கே வந்தார் என்று ஒரு நொடி திரும்பிப் பார்ப்பேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அப்படியென்றால் இந்த வயதிலும் தன்னைத்தான் வேலை வாங்குகிறார்களா என்று கேட்டுச் சிரித்தார்.

என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுவரை சரியாக விளக்கியதில்லை. பெர்த் நகரத்துக்கு வெளியே, சுரங்கங்களிலும் சாலை வேலைகளிலும் ஓடித் தேய்ந்த பெரிய டீசல் வண்டிகளை வாங்கிச் சரிபார்த்து விற்கும் இடம் அது. வண்டி வந்து நின்றதும் அதன் திரையில் சில எண்கள் மின்னும். எஞ்சினைச் சுற்றியிருக்கும் சென்சார்கள் கம்ப்யூட்டரிடம் கொடுத்த புகார்களின் எண்கள் அவை. புகார் உண்மையா, எஞ்சினுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லையா, அல்லது சென்சாரோ அதற்குப் போகும் ஒயரோ பொய் சொல்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. நிறையக் குனிய வேண்டும். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருக்கும். எனக்குப் பிடித்த வேலை.

2

இந்த வேலைக்கு நான் வந்தது திருப்பூர் வழியாகத்தான். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்ததும் ஒரு ஜெனரேட்டர் சர்வீஸ் அலுவலகத்தில் போன் எடுக்கச் சேர்ந்தேன். கரண்ட் போன அடுத்த நிமிடம் பனியன் கம்பெனிகளிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஸ்டார்ட் ஆகிறது, லோடு போட்டால் நின்றுவிடுகிறது என்பார்கள். ஷிப்மெண்ட் தேதி நெருங்கிவிட்டால் மேனேஜர்களின் குரலே மாறிப்போகும். மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடலாம். ஆனால் எனக்கு ஆர்வம் தாங்காது. புகை கறுப்பா வெள்ளையா, நிற்பதற்கு முன் இழுத்து இழுத்து நிற்கிறதா, பட்டென்று நிற்கிறதா என்று கேட்பேன். இரண்டு வருடத்தில் மெக்கானிக் வண்டியை எடுப்பதற்குள் பாதிக் கோளாறைக் காதாலேயே கண்டுபிடித்துச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது.

என் கணவர் மணி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறார். நாலு வயது மகள் நிவேதாவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்து சேர்ந்தேன். யார்டில் முதலில் கிடைத்தது வண்டி கழுவும் வேலை. தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டு, மற்றவர்கள் கோளாறு தேடுவதை ஒரு வருடம் பார்த்தேன். ஒருநாள் போர்மேன் கிரெக்கிடம், அந்த லோடருக்கு சென்சார் மாற்ற வேண்டியதில்லை, பிளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கழுவியவள் நான்தான் என்று சொன்னேன். அடுத்த வாரம் என் கையில் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்தார். ஒரு படிப்பிலும் சேர்த்துவிட்டார்.

முதல் ரிப்போர்ட்டில் "சென்சார் எக்ஸ்பயர்டு" என்று எழுதினேன். நம் பக்கம் ஆள் செத்தாலும் அதுதானே ஆங்கிலம். கிரெக் அந்தக் காகிதத்தோடு வந்து, சென்சாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காலாவதித் தேதி எங்கே போட்டிருக்கிறது என்று நிஜமாகவே கேட்டார். இன்றைக்கும் யார்டில் எது உடைந்தாலும் எக்ஸ்பயர்டு என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நான் அவர்களுக்குக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிவேதாவுக்கு இப்போது பதிமூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஊரிலிருந்து என் அம்மா போனில் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுவது போல போனை என்னிடம் தள்ளிவிடுவாள். அதைப் பற்றி முன்பெல்லாம் அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை. அவளுக்குக் கடல்மீன்களைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் தெரிகிறது. நான் டீசலைப் பற்றிப் பேசினால் அவளும் பொறுமையாகக் கேட்கிறாள்.

3

என் தம்பி பிரகாஷுக்கும் எனக்கும் நடுவில் ஐந்து வருடம் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதற்குக் காரணம் ஒரு காகிதம்.

கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ இல்லாமல் இணைச்சீர் நடக்காது. சொந்தபந்தம் சுற்றி நிற்க, கூடப் பிறந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யும் சீர் அது. பிரகாஷுக்கு நான் ஒரே அக்கா. அவன் கல்யாணத் தேதி குறித்தபோது எங்கள் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போய்வரத் தனியாக ஒரு அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பித்தேன். ஒரு சான்றிதழ் குறைகிறது என்று பதில் வந்தது. அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு வரை அதே பதில்தான். அனுமதி இல்லாமல் கிளம்பினால் திரும்பி உள்ளே வர முடியாது. மகளும் கணவரும் இங்கே இருக்கிறார்கள். நான் போகவில்லை. சித்தப்பா மகள் என் இடத்தில் உட்கார்ந்தாள்.

கல்யாணம் முடிந்து ஒன்பது நாள் கழித்து அனுமதி வந்தது.

பிரகாஷ் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கூப்பிட்டால் எடுப்பான். நல்லா இருக்கறோங்க்கா, சரிங்க்கா, வெக்கட்டுங்களா என்பதோடு முடித்துக்கொள்வான். அவனாகக் கூப்பிட்டதே இல்லை. ஒரு காகிதம் ஒரு மனுஷியைக் கட்டிப்போட முடியும் என்பதை அவனுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. வர மனமிருந்தால் வந்திருப்பாள் என்றுதான் அவன் நினைத்தான் என்று அம்மா பிறகு சொன்னார்.

4

கேக் வெட்டியதற்கு மறுநாள் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போனில் பிரகாஷின் பெயர் வந்தது. அங்கே காலை எட்டரை இருக்கும். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா, வேலையா இருக்கறீங்களா? ஒரு வண்டி விசயமாக் கேக்கோணுங்க்கா" என்றான்.

அவன் பழைய எக்ஸ்கவேட்டர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான் என்பது அம்மா சொல்லித் தெரியும். ஊரில் பொக்லைன் என்றால்தான் புரியும். பல்லடத்துக்குத் தெற்கே ஒரு குட்டையில் வண்டல் மண் அள்ளும் வேலைக்கு அதை இறக்கியிருக்கிறான். மூன்று நாள் முன்பு அடிமட்டத்தில் வைத்தே நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம் ஓடி, தானாக அணைந்துவிடுகிறது. திரையில் மூன்று எண்கள். இருபது டன் வண்டி, சேற்றில் நிற்கிறது. இழுத்து ஏற்ற வேறு பெரிய வண்டி கிடைக்க செவ்வாய்க்கிழமை ஆகும்.

திங்கட்கிழமை காலை வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. அந்தக் குட்டைக்கு முறை அன்று ஒருநாள்தான். மதகைத் திறந்தால் வண்டி மூழ்கிவிடும். திறக்காமல் விட்டால் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போய்விடும், இந்த ஊர்த் தென்னைகளுக்கும் சோளத்துக்கும் இல்லாமல் போகும். விவசாயிகள் காலையிலிருந்து கரையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றான். யாரும் திட்டவில்லை, சும்மா உட்கார்ந்து வண்டியையே பார்க்கிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை என்றான்.

வீடியோவுக்கு மாறச் சொன்னேன். அவன் பக்கத்தில் காதர் அண்ணன் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர், அந்தப் பக்கத்தில் பெயரெடுத்த மெக்கானிக். ஆயில் பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்றிவிட்டார். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரே போய்விட்டது, சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார். இன்னொரு வழியும் சொன்னார். சென்சாரை ஏமாற்றி, எல்லாம் சரியாக இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைத்தால் வண்டி கரையேறும் வரை ஓடும். பிரகாஷ் அதற்குத்தான் என் சம்மதத்தைக் கேட்டான்.

நான் உடனே சரி சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் மண் ஏற்றும் டம்பர் ஒன்றில் இதே புகாரைப் பொய் என்று நானாக முடிவுகட்டி, எண்ணை அழித்துவிட்டு ஓட்டச் சொன்னேன். புகார் உண்மை. எண்ணெய் ஏறாமல் பேரிங் உருகி, யார்டின் நடுவில் எஞ்சின் இறுகி நின்றது. கிரெக் திட்டவில்லை. ஆனால் அந்த இரும்புச் சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

திரையில் இருப்பதை முழுதாகப் படி என்றேன். நூறு, நூற்றிரண்டு, நூற்று ஐம்பத்தேழு என்றான். நூறு என்பது ஆயில் பிரஷர். அடுத்தது டர்போவிலிருந்து வரும் காற்றின் அழுத்தம். மூன்றாவது எஞ்சினுக்குள் பீய்ச்சும் டீசலின் அழுத்தம்.

"பக்கத்துல சின்னதா இன்னொரு நெம்பர் இருக்கும், அதைச் சொல்லு."

அதை யாரும் கவனித்திருக்கவில்லை. முதல் எண் எந்த உறுப்பு என்பதைச் சொல்லும். என்ன மாதிரிக் கோளாறு என்பது பின்னால் வரும் சிறிய எண்ணில் இருக்கிறது. நூறுக்குப் பின்னால் ஒன்று இருந்தால் எண்ணெய் அழுத்தம் நிஜமாகவே குறைந்திருக்கிறது, எஞ்சினைத் தொடக் கூடாது. நான்கு இருந்தால் ஒயரில் வரவேண்டிய மின்சாரம் வரவில்லை என்று அர்த்தம்.

பிரகாஷ் திரையின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். "நாலுங்க்கா" என்றான். மற்ற இரண்டுக்கும் அதே நான்கு.

5

அப்பாவின் தறிக்கூடத்தில் மூன்று தறி ஒரே நேரத்தில் நின்றால் யாரும் தறியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். நேராக ஃபியூஸ் பெட்டிக்குத்தான் போவார்கள். பிரகாஷுக்கு அதையே சொன்னேன். மூன்று சென்சாரும் ஒரே நாளில் சாகாது, மூன்றுக்கும் பொதுவாக ஒரு ஐந்து வோல்ட் ஒயர் கம்ப்யூட்டரிலிருந்து போகிறது, அதைத்தான் தேட வேண்டும் என்றேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஆயில் பிரஷரை முள் கேஜ் மாட்டிக் கண்ணால் பார்க்காமல் நான் எதற்கும் சம்மதிக்க மாட்டேன் என்றேன். நான்கு என்று வந்தாலும் சரி. பிரகாஷுக்குப் பொறுமையில்லை. கேஜ் வாங்க டவுனுக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும் என்றான். ஆகட்டும் என்றேன். காதர் அண்ணன் தலையாட்டினார். எனக்குச் சாதகமாக அவர் செய்த முதல் காரியம் அது.

அந்த ஒரு மணி நேரம் நான் உட்காரவே இல்லை. காயப்போட்ட துணியை ஈரத்தோடு எடுத்து மறுபடி காயப்போட்டேன் என்று மணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

கேஜ் வந்தது. மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். முள் எழுந்து மூன்று கிலோ அழுத்தத்தில் நின்றது. அரை நிமிடம் ஆடாமல் அங்கேயே நின்றது. பிறகு வழக்கம்போல எஞ்சின் அணைந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. 

அடுத்து சென்சார் பிளக்கில் மல்டிமீட்டரை வைக்கச் சொன்னேன். ஐந்து வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று கூட இல்லை. ஏதோ ஒரு சென்சார் உள்ளே கெட்டு மொத்த மின்சாரத்தையும் குடிக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றினால், கெட்டதைக் கழற்றும்போது ஐந்து வோல்ட் திரும்பி வந்துவிடும். காதர் அண்ணன் முதலாவதைக் கழற்றினார். வரவில்லை. இரண்டாவது. வரவில்லை. மூன்றாவதையும் கழற்றினார். அப்போதும் வரவில்லை.

காதர் அண்ணன் கேமராவைப் பார்த்தார். "நான் கம்ப்யூட்டர்னு சொன்னது அதுக்குத்தானுங்கம்மா" என்றார். குரலில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது.

அந்த நிமிடம் அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தேன், அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு முறை மூக்கை வைத்தால் போதும் போலிருந்தது. கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் படத்தின் ஓரத்தில் தெரிந்தார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

கம்ப்யூட்டரின் பெரிய பிளக்கையும் கழற்றச் சொன்னேன். இப்போது அந்த ஒயரின் இரண்டு முனையிலும் எதுவும் இல்லை. அது வெறும் ஒயர். மீட்டரின் ஒரு முனையை அந்த ஒயரிலும் மற்றொன்றை எஞ்சின் இரும்பிலும் வைக்கச் சொன்னேன். ஒயர் எங்காவது இரும்பைத் தொட்டிருந்தால் மீட்டர் கத்தும். சத்தம் வராமல் இருந்தால் கம்ப்யூட்டர் போய்விட்டது, நான் தோற்றேன்.

பீப் என்று நீளமாக அடித்தது.

"ஒயரு பாடில தட்டிட்டு நிக்குது" என்று காதர் அண்ணனே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கே தேடுவது என்பது அவர் கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டே எஞ்சினுக்குப் பின்னால், கை மட்டும் நுழையும் சந்து வரை போனார். கை திரும்பி வந்தபோது அதில் ஒரு கொத்து பனியன் வேஸ்ட் இருந்தது. சிவப்பும் நீலமுமாகக் கிழிந்த துணித் துண்டுகள், நடுவில் மக்காச்சோளம், எலிப் புழுக்கை. அந்தக் கூட்டுக்கு அடியில் நான்கு ஒயர்களின் தோலை எலி சுத்தமாக உரித்து வைத்திருந்தது.

மழைக்கு இருபது நாள் வண்டியைக் கோழிப்பண்ணையின் தீவனக் கொட்டகை பக்கத்தில் நிறுத்தியிருந்தானாம். கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டை எஞ்சின் மேல் வைத்து மறந்திருந்தார்கள். சோறும் வீடும் ஒரே இடத்தில் கிடைத்தால் எலி வேறென்ன செய்யும்.

ஒயரைச் சேர்த்துச் சுற்றிக் கட்ட முக்கால் மணி நேரம் ஆனது. பிளக்குகளை மாட்டினார்கள். எண்கள் மூன்றும் மறைந்தன. எஞ்சின் அரை நிமிடத்தைத் தாண்டியது, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். பிறகு பிரகாஷே ஏறி உட்கார்ந்து, போனை யாரிடமோ கொடுத்தான். செயின் சேற்றைப் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து, வண்டி கரையேறியதை நான் என் வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தேன். விவசாயிகள் எழுந்து வழிவிட்டார்கள். காதர் அண்ணன் போனை வாங்கி, அடுத்த தடவை சின்ன நெம்பரையும் பார்த்துவிடுகிறேன் என்றார். எந்தச் சந்தில் கை விடுவது என்று எனக்குத் தெரிந்திருக்காது அண்ணா என்றேன். இரண்டுமே உண்மை.

பிரகாஷ் கடைசியாக வந்தான். முகமெல்லாம் கிரீஸ். எதையோ சொல்ல வந்து, வண்டியைத் திரும்பிப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தான்.

"அந்தப் பேப்பர் உங்களுக்கு நெசமாலுமே வரலையாங்க்கா?"

"ஒம்போது நாள் கழிச்சு வந்துச்சுடா."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

சொன்னேன், நீ கேட்கிற நிலையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் முகத்துக் கிரீஸைச் சட்டைக் கையால் துடைத்தான். பிறகு, பாப்பாவுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, அத்தை வந்து காதில் சொன்னால்தான் உண்டு என்று வீட்டில் சொல்லிவிட்டேன் என்றான். அவனுக்கு மூன்று மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறேன். எப்போது அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, பிறந்த அன்றைக்கே என்றான்.

6

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீடியோ வந்தது. மதகு வழியாகக் கலங்கல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு குட்டைக்குள் இறங்கியது. வண்டி நின்ற குழி முதலில் நிறைந்தது.

அன்றைக்கே விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்க என்று நிரப்பினேன். மூன்று மாதமாகப் பெயரில்லாமல் எப்படிக் குழந்தையை வைத்திருக்கிறார்கள் என்று கிரெக் கேட்டார். எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். போய்வர இப்போது யாருடைய தனி அனுமதியும் தேவையில்லை. இருந்தாலும் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

பிரகாஷ் ஏழு பெயர்களை எழுதி அனுப்பியிருந்தான். நிவேதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். மகிழினி, தேன்மொழி என்று போயிற்று. அவள் ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தாள். அழகான பெயரெல்லாம் அவள் வாயில் மாட்டிக்கொண்டு நின்றது. இதெல்லாம் எனக்குக் கூப்பிட வராது, எனக்கும் அவள் சொந்தம்தானே, நான் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க வேண்டாமா என்று ஆங்கிலத்தில் கோபித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கோபம் மிகவும் பிடித்திருந்தது.

ஐந்தாவது பெயர் கயல். அப்படியென்றால் என்ன என்றாள். ஒரு மீன் என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன மீன், ஆற்று மீனா கடல் மீனா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று போனவள் பாதியில் திரும்பி, பின்வாசலைத் திறந்து கொல்லையில் இறங்கினாள். வேலி ஓரம் வரை போய் நின்று, தூரத்தில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருப்பது போல வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"கயலு, இங்க வா கண்ணு."

பெயரின் கடைசியில் அந்த உகரத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சமையலறையிலிருந்து மணி எட்டிப் பார்த்தார். நான் பிரகாஷுக்கு ஐந்தாவது பெயர் என்று எழுதி அனுப்பினேன்.